ஒரு சொல்லும் இரு பகுப்பும்

ஆங்கில அகராதியைத் திறக்கும் மாணவன் ஒரே சொல் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருப்பதைப் பல வேளைகளிற் காண்பான். தலைச்சொல்லின் இடையே சிறு புள்ளிகள் இடப்பட்டிருக்கும். சற்றுக் கீழே, பகர அடைப்புக்குள், அச்சொல்லின் பிறப்புக் கூறப்படுமிடத்தில், வேறொரு பகுப்பு இருக்கும். முன்னது அச்சொல் எத்தனை ஒலித்துண்டுகளாக வாயினின்று பிறக்கின்றது என்பதைக் காட்டுவது. பின்னது அது எவ்வெப் பொருட்கூறுகள் கூடி ஆயது என்பதைக் காட்டுவது. இரண்டும் ஒன்றே என எண்ணி மயங்குவோர் பலர். வினாத்தாளிற் 'பிரித்து எழுதுக' என்றிருந்தால், எதைப் பிரிப்பது, எங்கே பிரிப்பது என அறியாமல் இடர்ப்படும் பிள்ளைகளைக் கண்டியிலும் காணலாம், எங்கும் காணலாம்.

கண்டியைப் பற்றியே பேசுவதற்கு ஏற்றதோர் ஆங்கிலச் சொல் உண்டு. 'அப்-கன்ட்ரி' என்பது அது. இரு சொற்கள் கூடி ஒரு பெயரின் முன் அடையாக நிற்கும் தொகைச்சொல். மேல்நாட்டுத் தேயிலை, மேல்நாட்டுக் குளிர், மேல்நாட்டுச் சிங்களவர் என வருமிடத்தெல்லாம் ஆங்கிலத்தில் இவ்வடை நிற்கும். இதனை ஒலியாற் பகுத்தால் அப், கன், ட்ரி என மூன்று. பொருளாற் பகுத்தால் அப் என்பதும் கன்ட்ரி என்பதும் ஆக இரண்டு. கன் என்பதற்குத் தனியே பொருளில்லை. ட்ரி என்பதற்கும் இல்லை. காது மூன்றாக எண்ணுவதைக் கருத்து இரண்டாகவே எண்ணுகின்றது.

தமிழ்ப் பிள்ளையின் காதோ சில வேளை நான்காக எண்ணும். டகர மெய் தமிழில் மொழிக்கு முதலில் வாராது. மெய்யிரண்டு சேர்ந்து மொழிக்கு முதலாவதும் இல்லை. ஆதலால் அதன் நா தன்னையறியாமலே ட்ரி என்பதை டிரி என ஆக்கிக்கொள்ளும். இது பிள்ளையின் குற்றமன்று, தாய்மொழியின் பழக்கம். கையைத் தட்டி ஒலித்துண்டுகளை எண்ணக் கற்பிக்கும் ஆசிரியர் இதனை அறிந்திருப்பது நன்று. நான்கு முறை தட்டிய பிள்ளை தான் சொன்னதைச் சரியாகவே எண்ணியிருக்கின்றது.

ஒலித்துண்டை ஆங்கிலத்தார் சிலபிள் என்பர். அதனை அசை எனப் பெயர்ப்பது இன்றைய வழக்கு. ஆயினும் யாப்பிலக்கணம் கூறும் அசையும் இதுவும் முற்றும் ஒன்றல்ல. மலை என்னும் சொல்லில் உயிரொலி இரண்டு. ஆங்கிலத்தார் கணக்கில் அது இரண்டு சிலபிள். யாப்பின் கணக்கிலோ குறிலும் நெடிலும் இணைந்த ஒரே நிரையசை. எனவே இப்பேச்சில் ஆங்கிலத்தார் கருதுவதை ஒலித்துண்டு என்றே வழங்குதல் குழப்பத்தைத் தவிர்க்கும்.

பொருட்கூறாகப் பகுக்கும் கலையோ தமிழருக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பகுபதத்தின் உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாக வகுத்தது. பள்ளிக்கூடத்தில் வந்தனன் என்னும் சொல்லைப் பிரித்துக் காட்டாத தமிழாசிரியர் அரியர். ஒலியால் அது வந், த, னன் என மூன்றே. இலக்கணத்தாலோ வா என்னும் பகுதி வ எனக் குறுகி நிற்க, த் சந்தியாகி ந் என விகாரப்பட, மற்றொரு த் இடைநிலையாக, அன் சாரியையாக, இறுதி அன் விகுதியாக நிற்கும். மூன்று ஒலித்துண்டுக்குள் ஆறு உறுப்பும் அடங்கிவிட்டன. இதனை மனப்பாடம் செய்த பிள்ளை ஆங்கில வகுப்புக்குச் சென்றதும் அக்கருவியை வாயிலில் வைத்துவிட்டுப் போவதே வியப்பு.

அக்கருவியை உள்ளே கொண்டு சென்றால் என்ன நிகழும்? கண்டிப் பெரஹராவைக் குறித்து எழுதும் ஆங்கில எழுத்தாளர் பெரும்பாலும் அதற்கு 'வேர்ல்ட்-ஃபேமஸ்' என்னும் அடையைச் சூட்டுவர். உலகப் புகழ் வாய்ந்த என்பது பொருள். வாய் அதனை வேர்ல்ட், ஃபே, மஸ் எனப் பிரிக்கும். கருத்தோ வேர்ல்ட், ஃபேம், அஸ் எனப் பிரிக்கும். ஃபேம் என்பது புகழ். அஸ் என்பது உடைமைப் பொருள் தரும் விகுதி. எண்ணிக்கை இரண்டிலும் மூன்றே. ஆனால் மகரமெய் ஒலிப் பகுப்பில் பின்னதோடு சேர்ந்தது; பொருட் பகுப்பில் முன்னதோடு சேர்ந்தது. எண்ணிக்கை ஒத்திருந்தால் பகுப்பும் ஒத்துவிட்டது என்று கொள்ளலாகாது என்பதற்கு இச்சொல் போதும். 'டீ-குரோயிங்', அதாவது தேயிலை வளர்க்கும் என்பதில் மட்டும், மூன்று துண்டும் மூன்று கூறும் இம்மி பிசகாமல் ஒன்றியிருக்கின்றன. அது தற்செயல்.

இன்னும் நுட்பமானது 'கைண்ட்-ஹார்ட்டட்' போன்ற சொல். அன்புள்ளம் உடைய என்பது பொருள். இறுதியிலுள்ள விகுதியைக் கண்டு, இது இறந்தகால வினையினின்று பிறந்தது எனப் பல மாணவர் மயங்குவர். அவ்வாறு ஒரு வினை ஆங்கிலத்தில் இல்லை. அன்புள்ளம் என்னும் தொடர் முழுவதையும் முதலிற் கட்டி, அக்கட்டின்மேல் 'உடைய' என்னும் பொருள் தரும் விகுதியை வைத்திருக்கின்றனர். எனவே முதல் வெட்டு சிறு கோடு நிற்கும் இடத்தில் அன்று, விகுதிக்கு முன்னே. கோட்டை நம்பி வெட்டினால் பொருள் சிதையும். தமிழில் இதற்கு நேரானது அன்மொழித்தொகை. பொற்றொடி என்றால் பொன்னாலாகிய தொடி மட்டுமன்று, அதனை அணிந்தவளும் ஆவாள். பொன், தொடி என்னும் இரண்டையன்றி வேறு உருபு அங்கு இல்லை. அணிந்தவள் என்பது தொக்கு நிற்கின்றது. ஆங்கிலம் விகுதி ஒட்டிச் சொல்வதைத் தமிழ் ஒன்றும் ஒட்டாமலே சொல்லிவிடும். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும் ஆசிரியரிடம் பயிலும் பிள்ளை இரு மொழியிலும் தெளிவு பெறும்.

சொல்லை எங்கே வெட்டுவது என்பதில் ஆங்கிலேயருக்குள்ளேயும் ஒற்றுமை இல்லை. வரியின் இறுதியிற் சொல் முறியும்போது, பிரித்தானிய அச்சகத்தார் பொருட்கூறுக்கு மதிப்பளித்து வந்தனர். அமெரிக்கர் ஒலிக்கு மதிப்பளிப்பர். தமிழ் அச்சுக்கோப்பவருக்கு இத்தொல்லை இல்லை. புள்ளி வைத்த மெய் வரியின் முதலில் வராமற் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி, கண்டி என்னும் பெயருக்கே வருவோமாயின், அது தவறான இடத்தில் வெட்டப்பட்ட ஒரு தொகைச்சொல்லின் துண்டு என்பது விளங்கும். சிங்கள மக்கள் அம்மலைநாட்டைக் கந்த உட ரட்ட என்று வழங்கினர். கந்த என்பது மலை; உட என்பது மேல்; ரட்ட என்பது நாடு. மலைமேல் உள்ள நாடு என்பது முழுப்பொருள். கடல் வழியாக வந்த போர்த்துக்கேயர் மூன்று கூறில் முதற் கூற்றை மட்டும் செவியிற் பிடித்துக் கந்தேயா என்றனர். நாட்டின் பெயரில் ஒரு துண்டு தலைநகரின் பெயராயிற்று. அதுவே ஆங்கிலத்திற் கேண்டி ஆனது; தமிழிற் கண்டி என நிலைத்தது. எஞ்சிய உட ரட்ட என்னும் இரு கூறும் வீணாகிவிடவில்லை. உடரட்ட என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நேராக அப்-கன்ட்ரி அமைந்திருப்பதைப் பாருங்கள். ஒரே சிங்களத் தொகையின் தலை நகரப் பெயராகவும், உடல் ஆங்கில அடையாகவும் வாழ்கின்றன.

சிங்கள மக்களோ அந்நகரைக் கந்த என்று ஒருபோதும் அழைப்பதில்லை. அவர்களுக்கு அது மகநுவர; மக என்பது பெரிது, நுவர என்பது நகர். பழைய பெயர் செங்கடகல நுவர. அதில் கல என்பது பாறை என்பதில் ஐயமில்லை. முற்பகுதிக்குப் பல கதைகள் வழங்குகின்றன.

1660 ஆம் ஆண்டு கொட்டியாரக் கரையிற் சிறைபிடிக்கப்பட்டு, ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டு கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்ற இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் இலண்டனில் வெளியான தமது நூலில் இப்பெயர்களை ஆராய்கின்றார். கண்டி என்பது மலையைக் குறிக்கும் சொல்லினின்று வந்திருக்கலாம் என்று அவர் கூறியது பொருத்தமே. மகநுவர என்பதற்கும் தலைமை நகர் எனச் சரியாகவே பொருள் கண்டார். ஆனால் செங்கடகல என்பதைத் தம் செவிக்கு எட்டியவாறு எழுதி, அது சிங்கள மக்களின் நகர் எனப் பொருள்படும் என்றார். ஒலியில் ஓரளவு ஒப்புமை இருந்தது, பொருளில் இல்லை. அம்மொழியைத் தினமும் பேசி வாழ்ந்த ஒருவரையே காது ஏமாற்றிவிட்டது.

தமிழர் காதும் அதற்கு விலக்கன்று. கண்டிக்கு வடக்கே மாவலி கங்கையின் கரையில் உள்ள ஊரைத் தமிழர் கட்டுகஸ்தோட்டை என்பர். கேட்டவுடன் 'கட்டு' என்றும் 'தோட்டம்' என்றும் மனம் பிரிக்கும். சிங்களத்தில் அது கட்டு, கஸ், தொட்ட. கட்டு என்பது முள். கஸ் என்பது மரங்கள். தொட்ட என்பது ஆற்றுத்துறை. முள்மரத் துறை என்பதே ஊர்ப்பெயர். தோட்டம் ஏதும் அங்கில்லை. இவ்வகை மயக்கம் நேற்று இன்று தோன்றியதுமன்று. மன்னாரிலுள்ள பழந்துறையைப் பாளி நூல்கள் மகாதித்த என்று குறிக்கும். தித்த என்றாலும் துறையே. சிங்களத்தில் மாதொட்ட எனப்பட்ட அவ்விடம் தேவாரத்தில் மாதோட்டம் என்று பாடப்பெற்றது. காது செய்த பகுப்பானாலும் அதில் ஓர் அழகு உண்டு என ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேராதனையும் அவ்வாறே. 1952 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து அங்கு இடம்பெயர்ந்த பின்னர், தமிழுலகெங்கும் அப்பெயர் பரவிற்று. தமிழ் கற்றவர் கண்ணுக்கு அது பேர் என்னும் அடையோடு தொடங்கும் பெருமைமிக்க சொல்லாகவே தோன்றும். சிங்களத்திற் பேர என்பது கொய்யா. தெனிய என்பது தாழ்ந்த சமநிலம். கொய்யாமரத் தாழ்நிலம் என்றே பெரும்பாலோர் பொருள் கூறுவர். மாவலி கங்கையும் மாவலி மன்னனின் பெயரன்று. மக வெலி, பெருமணல். பாளி நூல்கள் அதனை மகாவாலுக கங்கை எனக் குறிப்பதால் இதில் ஐயத்துக்கு இடமில்லை. வாலுகம் என்பது மணலே.

நுவரெலியா என்னும் பெயர் வேறு வகையிற் சுவையுடையது. நுவர என்பதும் எலிய என்பதும் சேர்ந்தபோது அகரம் கெட்டு ரெ என்னும் ஒலித்துண்டு பிறந்தது. அத்துண்டின் மெய் முன்னைச் சொல்லுக்கு உரியது. உயிர் பின்னைச் சொல்லுக்கு உரியது. இவ்வெழுத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டால், எந்தப் பக்கமும் வைக்கவியலாது என்பதே விடை.

ஆங்கிலச் சொல்லுக்கு மீள்வோம். கண்டியைச் சார்ந்த என்னும் பொருளில் ஆங்கிலத்தார் 'கேண்டியன்' என்பர். ஒலியால் கேண், டி, யன் என மூன்று. பொருளாற் கேண்டி என்பதும் அன் என்னும் விகுதியும். தமிழில் அவ்வூரானைக் கண்டியான் என்றால், கண்டி, ஆன் என்னும் இரண்டு கூறு; இடையில் யகர உடம்படுமெய். இரு மொழியிலும் நாக்கு யகரத்தை ஒலிக்கின்றது. தமிழ் அதனை எழுதி, அதற்குப் பெயரும் சூட்டி, விதியும் வகுத்தது. ஆங்கிலம் ஒலித்தும் எழுதாமல் விட்டது. விகுதிகளின் ஒலி ஒப்புமையைக் கண்டு உறவு கொண்டாட வேண்டா. ஆங்கில விகுதி இலத்தீன் வழி வந்தது.

அம்மலைச் சரிவுகளிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற தமிழ்ச் சொல்லும் உண்டு. கங்காணி என்பது அது. ஆங்கில நூல்களில் 'கங்காணி முறை' என அடையாக வரும். ஒலியாற் கங், கா, ணி. இப்பகுப்பில் ஒரு பொருளும் புலப்படாது. கண்காணி என்பதை அறிந்தவனுக்கோ கண், காண், இ என்னும் மூன்று கூறும் தெளிவாகும். கண்ணாற் காண்பவன், பிறர் வேலையைப் பார்த்து நிற்பவன். ணகரம் பின்வந்த ககரத்துக்கு இசைந்து ஙகரமாகத் திரிந்தபோது கண் மறைந்துவிட்டது. தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை அக்கண் ஒருநாளும் மறையவில்லை.

1867 இல் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வாணிகப் பயிராக நட்டார். அதற்கு முன் கோப்பிக் காலத்திலேயே தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அம்மலைகளிற் பிறந்து, உழைத்து, அங்கேயே மண்ணாயினர். இம்மக்களுக்கு அரச ஏடுகள் சூட்டிய அடைமொழிகள் அவர்கள் வாழ்வையே அறுத்தன. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் இரண்டாகப் பிரித்து எண்ணிற்று. பெயரின் முன் நின்ற ஓர் அடை, அப்போது கணக்கெடுப்போரின் வசதிக்கு உரியதாகவே தோன்றியிருக்கலாம்.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது அதன் கூர்மை தெரிந்தது. 'சிலோன்-போர்ன்', அதாவது இலங்கையிற் பிறந்த என்னும் தொகை அடை ஒருவனுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது என்றாயிற்று. சட்டம் வருமுன் பிறந்தவனாயின் அவன் தந்தையும் இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அதற்குச் சான்றும் காட்ட வேண்டும். லயன் அறைகளிற் பிறந்தோர் பலருக்கு அத்தகைய சான்று எங்கிருந்து வரும்? பிறந்த என்னும் கூற்றைத் தள்ளி, 'வம்சாவளி' என்னும் கூற்றைச் சட்டம் பற்றிக்கொண்டது. இந்தியாவைக் கண்ணாலும் காணாதவன் இந்திய வம்சாவளியினன் ஆனான்.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 975,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட அம்மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 ஆம் ஆண்டின் இன்னோர் உடன்படிக்கை இரு நாட்டுக்கும் சரிபாதியாக்கிற்று. கண்டிப் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னார் நோக்கி மூட்டை முடிச்சுகளோடு சென்றவர்கள் பலர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே பிரசாவுரிமை வழங்கிற்று. அச்சட்டத்தின் பெயரிலும் இந்திய வம்சாவளி என்னும் அடை இருக்கின்றது.

அம்மக்கள் பலரும் இன்று தமக்கென விரும்பி வழங்கும் பெயர் மலையகத் தமிழர் என்பது. இதனையும் இரு வகையாகவும் பகுத்துப் பார்த்தல் தகும். ஒலியால் ம, லை, ய, கம் என நான்கு. யாப்பால் மலை, யகம் என இரண்டு நிரை. கருவிளம் என்னும் வாய்பாடு. பொருளால் மலை, அகம் என இரண்டு. அகம் என்றால் உள். அகம் என்றால் வீடுமாம். இடையில் நிற்கும் யகரம் மலைக்கும் உரியதன்று, அகத்துக்கும் உரியதன்று. அதனை நீக்கினால் இரண்டும் ஒட்டாமற் பிரிந்து நிற்கும். இலக்கணத்தார் அதற்கு உடம்படுமெய் எனப் பெயரிட்டனர். உடம்படுதல் என்பது இசைதல். இந்தியா என்பதும் இல்லை, வம்சாவளி என்பதும் இல்லை. எங்கிருந்து வந்தவர் என்பதை விடுத்து, எங்கே வாழ்பவர் என்பதைச் சொல்லும் அடை இது. அப்-கன்ட்ரி என்னும் ஆங்கில அடையும் உடரட்ட என்னும் சிங்கள அடையும் சொல்லுவதும் இடத்தையே என்பதை நேயர்கள் ஒப்பிட்டு நோக்கலாம்.

கேண்டி என்றதும் இனிப்புப் பண்டம் நினைவுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் இனிப்பைக் குறிக்கும் அச்சொல், பாரசீகம், அரபு ஆகியவற்றின் வழியாகச் சென்ற வடசொல்லோடு தொடர்புடையது. கற்கண்டு என்பதிலுள்ள கண்டு அதன் உறவினர். கண்டி நகருக்கும் அதற்கும் உறவில்லை.

1867 ஆம் ஆண்டு முதல் வண்டிகள் வந்து செல்லும் கண்டிப் புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையில் மூன்று மொழியும் உள. சிங்களத்தில் மகநுவர என்று இரு கூறுடைய தொகைச்சொல். தமிழிலும் ஆங்கிலத்திலும், என்றோ ஒரு கப்பலோட்டி பாதியிற் கேட்டுவிட்டுப் போன தொகையின் முதற்கூறு. வண்டி நிற்கும் சில நிமிடத்துக்குள் மூன்றையும் படித்துவிடலாம்.